கேபிளுக்கு மூணு நாள், பக்குக்கு பத்து நிமிஷம்

நான் எழுதிட்டிருந்த ஒரு டிரைவரை (ஹார்ட்வேரை ஓட்டற கோடு) லினக்ஸ் கர்னல்லயே பில்ட்-இன்னா போட்டு பூட் பண்ணேன், எதை பூட் பண்ணணும்னு கேக்கற கிரப் மெனு வந்துச்சு, என்டர் தட்டினேன், ஸ்கிரீன் கறுப்பு. அவ்ளோதான். டிஸ்க் மவுண்ட் ஆகறதுக்கு முன்னாடியே செத்துட்டதால என்ன ஆச்சுன்னு சொல்ற லாக் ஃபைல்னு ஒண்ணும் மிஞ்சல, சரி, கர்னல் சொல்றதை எழுத்து எழுத்தா லேப்டாப்புக்கு அனுப்பற சீரியல் போர்ட்தான் வழி. (சாகுற மெஷின்ல யூஎஸ்பி-சீரியல் செருகிப் பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க, யூஎஸ்பி முழிக்கறதுக்குள்ள கதை முடிஞ்சிரும். அந்தப் பக்கம் மதர்போர்டுலயே இருக்கற சீரியல் போர்ட், அதாவது காம் போர்ட்தான் வேணும், லேப்டாப் பக்கம் யூஎஸ்பி போதும்.)

கடையில போய் "அண்ணே, நல் மோடம் கேபிள் இருக்கா"ன்னேன். "மோடமே இப்ப யாரு தம்பி வாங்கறா"ன்னு சிரிச்சிட்டு ஒரு சீரியல் கேபிளை எடுத்து நீட்டினாரு, 9 பின்னுதானே, எல்லாம் ஒண்ணுதான்னாரு. ஒண்ணு இல்லைங்க! அது நேர் கேபிள், 2 போய் 2-லயே சேரும் (2 கேக்கற பின், 3 பேசற பின், 5 கிரவுண்டு). ரெண்டு கம்ப்யூட்டர் பேசணும்னா 2-ம் 3-ம் குறுக்க மாறணும், 5 நேரா போகணும், அதுதான் நல் மோடம் கேபிள். முதல் நாள் இப்படியே போச்சு.

மறுநாள் சரியான கேபிள் வந்தும் ஒரு எழுத்து வரல. பயாஸ்ல போர்ட் ஆன்ல இருக்கு, அட்ரஸ் 3எஃப்8, ஐஆர்க்யூ 4 (முதல் காம் போர்ட்டோட வழக்கமான நம்பர்தான்), எல்லாம் சரி. 2-யும் 3-யும் ஷார்ட் பண்ணி டைப் பண்ணா நம்ம எழுத்தே திரும்பி வரணும், அதுவும் வரல. கடைசியில மல்டிமீட்டரை எடுத்து கறுப்பு முனையை கேஸ்ல வெச்சு ஒவ்வொரு பின்னா தொட்டேன். சும்மா இருக்கறப்ப 3-ல மைனஸ் வோல்டேஜ் நிக்கணும். எனக்கு 2-ல மைனஸ் 10 கிட்ட காட்டுது, 3 கிரவுண்டா இருக்கு! என் போர்டுல பின்னாடி போர்ட் கிடையாது, உள்ள 10 பின் ஹெட்டர் மட்டும்தான், அதை வயர் போட்டு வெளிய 9 பின் போர்ட்டா கொண்டு வர வாங்கின பிராக்கெட்தான் வில்லன். அதுல ரெண்டு வகை இருக்கு, பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள வயர் வரிசை வேற. இதை பெரும்பாலும் பாக்கெட்டுல போட மாட்டாங்க. வயர் வயரா பிடுங்கி மாத்திக் குத்தினேன்.

அப்படியே ஒண்ணு சொல்லிடறேன், ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டருக்கு வாங்கின 3.3 வோல்ட் அடாப்டரை இதுல மாட்டிடாதீங்க, பொகைஞ்சிரும். நான் மாட்டப் போய் கடைசி நொடியில கையை இழுத்தேன்.

மூணாவது நாள் கர்னலோட கன்சோல் லைன்ல டிடிஒய்எஸ்0 (முதல் சீரியல் போர்ட்), வேகம் 115200 குடுத்து, சீரியல் வழியா டீபக் பண்ண விடற கேஜிடிபிஓசியும் சேத்து பூட் பண்ணேன், எழுத்து கொட்டுது, கர்னல் செத்த இடத்துல கேடிபிங்கற டீபக்கர் வந்து நிக்குது. ஆனா லேப்டாப்லேர்ந்து டைப் பண்ணா ஒண்ணும் போகல. லேப்டாப்ல சீரியலைப் பாக்கற மினிகாம் ப்ரோக்ராம்ல ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் (அந்தப் பக்கம் ரெடியான்னு தனி வயர்ல கேட்டுட்டு அனுப்பறது) டீஃபால்ட்டா ஆன்ல இருக்கும், மூணு வயர் கேபிள்ல அது வராத சிக்னலுக்கு காத்துட்டே இருக்கும். கன்ட்ரோல்-ஏ, ஓ, சீரியல் செட்டப்ல எஃப், ஆஃப்.

கேடிபில பிடி (பேக்ட்ரேஸ், எந்த ஃபங்ஷன்ல செத்துச்சுன்னு காட்டற கமாண்ட்) அடிச்சேன், உச்சியிலயே என் டிரைவரைத் தொடங்கி வைக்கற ப்ரோப் ஃபங்ஷன் பேரு. ஸ்ட்ரக்சருக்கு மெமரி எடுக்கறதுக்கு ஒரு வரி முன்னாடி அதுக்குள்ள இருக்கற பூட்டை (லாக் ஃபைல் இல்ல, ஒரே நேரத்துல ரெண்டு பேர் தொடாம தடுக்கற லாக்) இனிஷியலைஸ் பண்ணி வெச்சிருக்கேன். ரெண்டு வரியை இடம் மாத்தினேன், லாகின் வந்துருச்சு.

அந்த நேர் கேபிளை திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாரு கடைக்காரரு. யாருக்காவது வேணுமா?