மச்சான் போட்டுக்கு டீசல் இன்ஜினும் ஸ்டெர்ன்டிரைவும் எடுத்த அனுபவம்

சங்ககிரில லாரி வெச்சு ஓட்டற குடும்பம்ங்க எங்களது, டீசல் இன்ஜின்னா சின்ன வயசுலருந்தே கைபட்ட சாமான். அதனாலதான் மச்சான் புதுச்சேரில ஒரு பழைய 26 அடி பைபர் போட்டை வாங்கினதும் நேரா எனக்கு போன் போட்டு, "மாமா, இதுல பெட்ரோல் வி8 இருக்கு, எடுத்துட்டு டீசல் போடணும், நீங்கதான் பாத்துச் சொல்லணும்"னான். டீசல் வேணும்ங்கறதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், போட்டோட அடிவயித்துல போய் தேங்கி நிக்கும், ப்ளோயர் போட்டு வெளியேத்தாம சாவி திருப்பினா ஒரு பொறி போதும். குழந்தைங்க ஏறப்போற போட்டு, டீசல்தான் சரி.

இங்க சேலத்துல யார்கிட்ட கேட்டாலும் ஒரே யோசனைதான், லேலண்ட் இன்ஜின் ஒண்ணை மரைன் ஆக்கிப் போடுங்க, சல்லிசா முடியும்னு. கடலோரத்துல விசைப்படகுங்கள்ல லேலண்ட் இன்ஜின் ஓடறது உண்மைதான், நல்லாவும் ஓடுது. ஆனா அது தண்ணியைக் கிழிச்சுட்டு மெதுவா போற படகு. நம்மளோடது தண்ணிக்கு மேல எழும்பி வழுக்கிட்டுப் போற ப்ளேனிங் போட்டு, அதுக்கு இன்ஜின் எடை கொறைவாவும் ஆர்பிஎம் அதிகமாவும் இருக்கணும். 5.7 லிட்டர் லாரி இன்ஜின் 160 குதிரை குடுக்கும், எடையோ அரை டன்னு, இந்த போட்டை அதால தூக்க முடியாது. இன்னொரு விஷயம், லாரி சமரோட்டுல போறப்ப இன்ஜின் பாதி தூக்கத்துலதான் இருக்கும், போட்டுல அந்த ஓய்வே கிடையாது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவையும் புல் லோடோட ஏறிக்கிட்டே இருக்கற மாதிரி, ஆனா இறக்கம்னு ஒண்ணு வரவே வராது. இதை மனசுல வெச்சுத்தான் இன்ஜின் தேடணும்.

சென்னைல ஒரு டீலர்கிட்ட விசாரிச்சோம், போட்டு எவ்ளோ எடைன்னு ஒரு வார்த்தை கேக்காம 300 குதிரைக்கு கொட்டேஷன் அனுப்பிட்டாங்க. எனக்கு அது புடிக்கல. போட்டை ட்ரெய்லர்ல ஏத்தி எடைமேடைக்கு கொண்டு போனோம், வெறும் ட்ரெய்லரையும் தனியா போட்டுக் கழிச்சு, ஆளு, எண்ணெய், தண்ணி எல்லாம் சேத்துப் பாத்தா சுமார் மூணு டன்னு வந்துச்சு. இதுக்கு கிரவுச் பார்முலான்னு ஒரு கணக்கு இருக்குங்க. எடையை பவுண்டுல போட்டு ஷாப்டுக்கு வர்ற குதிரைத்திறனால வகுத்து, வர்றதுக்கு ஸ்கொயர் ரூட் எடுத்து, 150-ஐ அதால வகுத்தா வேகம் நாட்ல, அதான் மணிக்கு இத்தனை கடல் மைல்னு வரும், சாதாரண குடும்ப போட்டுக்கு அந்த 150 சரியா இருக்கும். மூணு டன்னுங்கறது 6,600 பவுண்டு, 220 குதிரைன்னா 27 நாட் கிட்ட வருது, 300 குதிரை போட்டாலும் 32 தான். 80 குதிரை கூடப் போட்டு அஞ்சு நாட்! அந்தக் காசை வேற எதுக்காவது செலவு பண்ணலாம்னு அங்கயே முடிவு பண்ணிட்டோம்.

ஸ்டெர்ன்டிரைவா, ஷாப்டான்னும் ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. ஸ்டெர்ன்டிரைவ்னா இன்ஜின் உள்ள பின்பக்கத்துல இருக்கும், ப்ரொப்பல்லர் மாட்டின டிரைவ் பின்பக்கப் பலகைக்கு வெளிய தொங்கும்; ஷாப்ட்னா போட்டோட அடி வழியா நேரா ப்ரொப்பல்லருக்குப் போற தண்டு. தேங்காய்த்திட்டு பக்கம் மீன்பிடிக்கற அண்ணன் ஒருத்தர் "ஷாப்ட் போடுங்க தம்பி, ரப்பர் கிழியாது, கியர் ஒடையாது"ன்னார். அவர் சொன்னதுல தப்பே இல்ல. ஸ்டெர்ன்டிரைவ்ல சக்தி ரெண்டு இடத்துல 90 டிகிரி திரும்பி ப்ரொப்பல்லருக்குப் போகுது, பராமரிப்பும் கூட. ஆனா இந்த போட்டு கட்டினதே இன்ஜினைக் கடைசில வெச்சு ஸ்டெர்ன்டிரைவ் போடறதுக்குத்தான், ஷாப்ட் போடணும்னா இன்ஜினை நடுவுக்கு நகத்தி அடியையே வெட்டி மாத்தணும். முகத்துவாரத்துல மணல் மேடு தட்டற இடத்துல டிரைவைத் தூக்கிட்டு மெதுவா வெளிய வந்துடலாம், ஷாப்டுல அது நடக்காது. 1959-ல வால்வோ பென்டா அக்வாமேட்டிக்னு இந்த டிரைவைக் கொண்டு வந்ததுலருந்து இவ்ளோ பேரு இதை வெச்சிருக்காங்கன்னா காரணம் இல்லாம இல்ல.

போட்டுல இருந்தது மெர்க்ரூசர் பிராவோ டிரைவ். பின்பக்கப் பலகை, அதான் ட்ரான்ஸம், அதுல அதுக்குன்னு வெட்டின ஓட்டை வால்வோ டிரைவுக்கு ஒத்து வராது. அதனால அதே ஓட்டைல உக்காரற மாதிரி கம்மின்ஸ் மெர்க்ரூசர் 2.8 லிட்டர் டீசல் போடலாம்னுதான் முதல்ல நினைச்சோம். ட்ரான்ஸத்தை சுத்தியலால தட்டிப் பாத்தா ஒரு பக்கம் சத்தமே இல்ல, தொப்புனு விழுது. ட்ரில் போட்டதும் உள்ள ப்ளைவுட் ஈரத்தூளா வந்துச்சு. எப்படியும் வெட்டி எடுத்து புதுசா கட்டித்தான் ஆகணும்ங்கறப்ப எந்த டிரைவ் வேணாலும் போட்டுக்கலாம்னு ஆயிடுச்சு. பழைய போட்டு வாங்கறவங்க இன்ஜின் பக்கம் போறதுக்கு முன்னாடி இதைத் தட்டிப் பாருங்க, உள்ள மக்கியிருந்தா எவ்ளோ நல்ல இன்ஜின் போட்டும் பிரயோஜனம் இல்ல.

அப்புறம் வால்வோ பென்டாலயே டி3, டி4 ரெண்டையும் வெச்சுப் பாத்தோம். டி3 அஞ்சு சிலிண்டர் 2.4 லிட்டர், அதுலயே 220 குதிரை வாங்கறாங்க, லிட்டருக்கு 90-க்கு மேல. டி4 நாலு சிலிண்டர் 3.7 லிட்டர், 225 ட்யூன்ல எடுத்தா லிட்டருக்கு 60 சொச்சம்தான். லாரிக்காரன் கண்ணுக்கு ரெண்டாவதுதான் நிம்மதியா படும். ரேட்டிங்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, அதையும் படிங்க. வால்வோ பென்டா கணக்குல 5-ங்கறது சொந்த உபயோகத்துக்கு, வருஷம் 300 மணி நேரத்துக்குள்ள ஓட்டறவங்களுக்கு. வாடகைக்கு ஆள் ஏத்தி ஓட்டறீங்கன்னா அது பத்தாது, 4 பாக்கணும், அதுல 800 மணி நேரம் வரைக்கும் போகலாம். மச்சான் ஓட்டறது குடும்பத்தோட, லீவு நாள்ல, அதனால 5 தாராளம்.

செகண்ட் ஹேண்ட் டி4, டிரைவோட செட்டா கெடைச்சுச்சு. அதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் காமிச்ச இன்ஜின் ரொம்ப கம்மி நேரம்தான் ஓடியிருக்குன்னாரு, லேப்டாப் மாட்டி ஈசியுல, அதான் இன்ஜினோட கம்ப்யூட்டர்ல, படிச்சா மூணு மடங்கு இருக்கு, வெளிய வந்துட்டோம். மணி நேரத்தை ஈசியுல படிங்க, ஆயில் சாம்பிள் லேபுக்கு அனுப்புங்க, டர்போலருந்து வர்ற காத்தை ஆத்தற ஆப்டர்கூலரைக் கழட்டி உள்ள உப்பு அரிச்சிருக்கான்னு பாருங்க, டிரைவ் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிருக்குன்னு அர்த்தம்.

டி4-ல பயந்தது எடைக்குத்தான். பழைய பெட்ரோல் செட்டு 450 கிலோ கிட்ட இருந்துச்சு, இது டிரைவோட 600-ஐத் தாண்டுது, எல்லாமே பின்னாடி. பின்பக்கம் தாழ்ந்தா எக்ஸாஸ்ட் வளைவு தண்ணி மட்டத்துக்குக் கிட்ட வந்துடும், அலை பின்னாலருந்து தள்ளினா தண்ணி இன்ஜினுக்குள்ள போய் ராடு வளைஞ்சுடும். பேட்டரியெல்லாம் முன்னாடி நகத்திட்டோம், டீசல் கம்மியா குடிக்குதுன்னு டேங்கையும் சின்னதா போட்டோம், தண்ணில எறக்கி அளந்து, தண்ணி மட்டத்துலருந்து ஒரு அடிக்கு மேல உயரத்துல அந்த வளைவு இருக்குன்னு பாத்தப்புறம்தான் மூச்சு வந்துச்சு.

கடைசி வேலை ப்ரொப்பல்லர். டுயோப்ராப்ங்க, எதிரெதிரா சுத்தற ரெண்டு ப்ரொப்பல்லர், 1982-ல வந்த ஏற்பாடு, ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்காது. புல் லோடு, புல் த்ராட்டில்ல இன்ஜின் அதோட 3,500 ஆர்பிஎம்மைத் தொடணும். முதல்ல மாட்டின செட்டுல தொடல, கரும்புகை வேற. டீசலை அப்படி முக்கவிட்டு ஓட்டினா எக்ஸாஸ்ட் சூடு ஏறி வால்வும் டர்போவும் போயிடும். ஒரு சைஸ் கொறைச்சு மாட்டினதும் தொட்டுச்சு, புகையும் போச்சு. இப்ப 20 நாட்ல மணிக்கு 25லருந்து 30 லிட்டருக்குள்ள நிக்குது.

சேர்வராயன் மலை பாக்சைட்டை மேட்டூர்ல உருக்கி அலுமினியம் ஆக்கினதைப் பாத்து வளந்த ஊரு நம்மளுது, அந்த அலுமினியத்தை உப்புத்தண்ணி எப்படி திங்குதுன்னு டிரைவைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் அனோட், டிரைவுக்குப் பதிலா தான் அரிச்சுப் போற உலோகக் கட்டி. கடலுக்கு துத்தநாக அனோட், கழிமுகத்து கலப்புத் தண்ணிக்கு அலுமினிய அனோட், மேட்டூர் டேம் மாதிரி நல்ல தண்ணின்னா மெக்னீசியம், மாத்தி மாட்டிடாதீங்க. செம்பு கலந்த பெயின்ட்டை டிரைவ் மேல தடவவே கூடாது. டிரைவ் சேர்ற இடத்துல தண்ணி புகாம மூடற ரப்பர் பெல்லோஸ் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, குளுத்தற தண்ணி பம்போட இம்பெல்லர் வருஷா வருஷம், கிழியலைன்னாலும் மாத்திடுங்க.