மேலே ஏற ஏற வயது குறையும் முருகன்

பழனிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் படியேறி, தண்டாயுதபாணியைக் கும்பிட்டு, பஞ்சாமிர்த டப்பாவோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். கோயில் மலைக்குத் தெற்கே நீலமாக ஒரு பெரிய மலைத்தொடர் நிற்கும். பிரகாரம் சுற்றும்போது அதைப் பார்த்து "அங்கதான் கொடைக்கானல்" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதோடு சரி. அந்த மலைக்குள்ளேயும் அதே முருகன் இருக்கிறான். கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவராக, அதற்கும் உள்ளே பூம்பறையில் குழந்தை வேலப்பராக, கிழக்கே தாண்டிக்குடியில் பாலமுருகனாக. இவர்கள் எல்லாரையும் ஒரே பயணத்தில், சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

துணைக்கு வந்த நண்பனுக்குச் சாமி விஷயத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் மலைப்பாதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். "நீ முருகனுக்காக வா மாப்ள, நான் ஏத்தத்துக்காக வர்றேன்" என்றான். பேச்சு அதோடு முடிந்தது.

தைப்பூசக் கூட்டமெல்லாம் கரைந்த பிறகு, திண்டுக்கல்லிலிருந்து கிளம்பினோம். ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சமவெளிச் சாலை, சொல்ல அதிகம் இல்லை. பாதயாத்திரைக்காரர்கள் ஒன்றிரண்டு குழுக்களாக இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள். தாண்டிப் போகும்போது நாங்கள் "அரோகரா" சொன்னால், வெயிலில் வாடிப்போன முகத்தோடு அவர்களும் பதில் கொடுத்தார்கள். வெறுங்காலோடு நடக்கிறவர்களைச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு தாண்டிப் போவதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பழனியில் முதலில் அடிவாரத்துத் திருஆவினன்குடி. நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் பாடிய படைவீடு இதுதான். இங்கே கும்பிட்டுவிட்டு மலையேறுவதுதான் முறை. அவசரக்காரர்கள் நேராக ரோப் காருக்கு ஓடிவிடுகிறார்கள். நாங்கள் படிவழியே போனோம். 693 படிகள். காலையிலிருந்து பெடல் மிதித்த கால் படியேறும்போது வேறுவிதமாக வலிக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வழியில் இடும்பன் சந்நிதி. அகத்தியர் சொல்லி, சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைக் கம்பின் இரு முனையிலும் கட்டித் தோளில் தூக்கி வந்தவன் இடும்பன். களைப்பாற இங்கே இறக்கி வைத்தான், அப்புறம் தூக்க முடியவில்லை. குன்றின் மேல் கோவணத்தோடு ஒரு பையன் நின்று "இது என் மலை" என்கிறான். காவடி எடுக்கும் வழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியதாகச் சொல்வார்கள். "மலையைத் தூக்கிட்டு வந்தவனுக்கே இங்க ரெஸ்ட் தேவைப்பட்டுச்சு, நாம உட்கார்ந்தா தப்பில்ல" என்று நண்பன் படியிலேயே சாய்ந்துவிட்டான்.

மேலே போனபோது சாயரட்சை நேரம். ராஜ அலங்காரம். கோவணாண்டியாக நிற்கிறவனுக்குக் கிரீடமும் பட்டும். எனக்கு அந்த அலங்காரத்தைவிட, அதைக் களைந்துவிட்டு வெறும் தண்டத்தோடு நிற்கும் கோலம்தான் பிடிக்கும். அம்மா அப்பாவோடு கோபித்துக்கொண்டு, எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவன் இல்லையா. போகர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துச் செய்த திருமேனி என்பது ஐதீகம். தென்மேற்குப் பிரகாரத்தில் போகர் சந்நிதியிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை இருப்பதால் அந்த உட்காரலில் ஒரு நிம்மதி இருந்தது. கீழே கொடுத்துவிட்டு வந்துவிட்டோம், யாரும் கூப்பிட முடியாது.

அடுத்த நாள்தான் மலைப்பாதை. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு 64 கிலோமீட்டர். கீழே சுமார் 300 மீட்டர் உயரம், மேலே 2,100 மீட்டருக்கு மேல். கணக்குப் பார்த்தால் நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர்கூட ஏற்றம் வராது. ஆனால் கணக்கு வேறு, தொடை வேறு. யானை நடமாட்டம் உள்ள அடிவாரம் என்பதால் நன்றாக விடிந்த பிறகுதான் கிளம்பினோம். வரதமாநதி அணை தாண்டியதும் சாலை மலைக்குள் நுழைகிறது. தொடக்கத்தில் புளியமரமும் முள்காடும்தான், வெயில் சுள்ளென்று அடிக்கிறது. வளைவுகளில் ஏற ஏற, கீழே பழனிக் கோயில் மலை சின்னதாகிக்கொண்டே வந்தது. முந்தின நாள் மூச்சு வாங்க ஏறிய குன்று இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டே மிதித்தோம்.

ஏற்றத்தில் சைக்கிள் விடுகிறவர்களுக்குத் தெரியும், காலைவிட மூச்சுதான் முதலில் கலைந்து போகும். கடைசி கியருக்கு இறங்கிவிட்டால் அப்புறம் மாற்ற ஒன்றும் இல்லை. மூச்சை ஒரு கணக்கில் நிறுத்தினால்தான் உண்டு. பாதயாத்திரைக்காரர்கள் சொல்வது போல "வேல் வேல்" என்று நான் வலது காலுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து "வெற்றிவேல்" என்று பதில் வந்தது. திரும்பிப் பார்த்தேன். "பக்தி எல்லாம் இல்லடா, இது மூச்சுக்கு நல்லா இருக்கு" என்றான். அதற்கப்புறம் சவரிக்காடு வரைக்கும் அப்படியே போனோம். எதிரே இறங்கி வந்த வேன் ஒன்றிலிருந்து நான்கைந்து பேர் தலையை வெளியே நீட்டி "முருகா!" என்று கத்தினார்கள். நாங்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். அவன் கையை உயர்த்தி ஆசீர்வாதம் வேறு செய்தான்.

சவரிக்காட்டில் டீ. இங்கிருந்து காட்டின் முகம் மாறுகிறது. காப்பிச் செடி, அதற்கு நிழலாகப் பெரிய மரங்கள், மரத்தில் சுற்றிய மிளகுக்கொடி, இடையிடையே வாழை. காற்றில் குளிர்ச்சி வந்துவிடுகிறது. குறிஞ்சி நிலத்துக்குச் சேயோன் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது, காரில் போயிருந்தால் நினைவுக்கே வந்திருக்காது. மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒவ்வொரு ஓடைச் சத்தமும் வந்து, காதில் இருந்துவிட்டுத்தான் போகிறது. இந்தச் சாலையில் வண்டிகளும் குறைவு. கொடைக்கானலுக்குச் சைக்கிளில் போக நினைப்பவர்களுக்கு நான் வத்தலக்குண்டுச் சாலையைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

பெருமாள்மலையில் இரண்டு சாலைகளும் சேர்கின்றன. அதுவரை இருந்த அமைதி போய், சுற்றுலா வண்டிகளின் ஹாரன். கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் உண்மையான சோதனை. வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் நின்று, குரங்குகளிடமிருந்து கடலை மிட்டாயைக் காப்பாற்றித் தின்றுவிட்டு ஏறினோம். கார்களுக்கெல்லாம் இ-பாஸ் கேட்கிறார்கள். எங்கள் சைக்கிளைப் பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் குறிஞ்சி ஆண்டவர். 1936ஆம் ஆண்டு இந்தக் கோயிலைக் கட்டியவர் லீலாவதி ராமநாதன். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், யாழ்ப்பாணத்துச் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி. எங்கேயோ கடல் தாண்டிப் பிறந்த ஒரு பெண், ஈழத் தமிழர் வீட்டு மருமகளாகி, கொடைக்கானல் மலையில் முருகனுக்குக் கோயில் எழுப்பியிருக்கிறார். முருகன் யாரை எங்கிருந்து கூப்பிடுவான் என்று சொல்ல முடியாது. இப்போது பழனி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. மூடுபனி இல்லாத காலை என்பதால் கோயிலுக்குப் பின்னால் நின்றபோது பழனி தெரிந்தது. குறிஞ்சிப் பூ பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 2018இல் பூத்தது, இனி 2030. பூ இல்லாத நாளில் வந்தோமே என்று எனக்கு வருத்தம் இல்லை. பூத்திருந்தால் வரும் கூட்டத்தில் சைக்கிளை நிறுத்த இடம் கிடைத்திருக்காது.

பூம்பறைக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கும் பக்கமாக ஏறி, பைன் காட்டுக்குள் இறங்கி, மறுபடி ஏறி என்று சாலை நம்மைப் படுத்துகிறது. நடுவில் ஒரு காட்டுமாடு சாலையை மறித்து நின்றது. நாங்களும் மரியாதையாக நின்றோம். அது யோசித்து முடித்துப் போகும்வரை யாரும் பெல் அடிக்கவில்லை. பிறகு ஒரு திருப்பத்தில் திடீரென்று கீழே ஊர் தெரிகிறது. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வயல், நடுவில் நெருக்கமாக ஓட்டு வீடுகள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பூண்டின் ஊர் இது. தெருவுக்குள் நுழைந்ததும் அந்த வாசனைதான் முதலில் வருகிறது, கோயில் கோபுரம் அப்புறம்தான்.

குழந்தை வேலப்பர் பெயருக்கு ஊரில் சொல்லும் கதை இது. அருணகிரிநாதர் பூம்பறைக்கு வந்து முருகனைப் பாடிவிட்டு, இரவு கோயிலிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். அவரைக் கொல்ல ஒரு அரக்கி வந்தாள். முருகன் பச்சைக் குழந்தையாக மாறி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டான். தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று நினைத்து அவள் திரும்பிப் போய்விட்டாள். திருப்புகழில் பூம்பறைக்கும் பாட்டு உண்டு. இங்கே உள்ள மூர்த்தியையும் போகர் செய்ததாகத்தான் சொல்கிறார்கள்.

வேலெடுத்து அரக்கியை விரட்டியிருக்கலாம், சூரனையே கொன்றவன். அதைச் செய்யவில்லை, பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான். பழனியில் பெற்றோரை விட்டுவிட்டு வந்து தனியாக நிற்கிறவன், மலைமேல் இவ்வளவு தூரம் வந்தால் ஒரு பாவலரைத் தாயாக்கிக்கொண்டு படுத்திருக்கிறான். கீழே ஆண்டி, மேலே குழந்தை. எனக்கு இந்த மலை முழுக்கச் சொல்லும் சங்கதி இதுதான் என்று பட்டது. கொடைக்கானலுக்குக் காரில் வந்து, பூம்பறையை ஒரு 'வியூ பாயிண்ட்'டாக மேலேயிருந்து போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். தயவுசெய்து ஊருக்குள் இறங்குங்கள்.

சந்நிதியில் எங்களைத் தவிர ஊர்க்காரர்கள் சிலர்தான். நெற்றியில் திருநீறு பூசிவிட்டு அர்ச்சகர், "சைக்கிள்லயா வந்தீங்க, பழனியில இருந்தா?" என்று இரண்டு முறை கேட்டார். வெளியே தேரடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தேரைப் பற்றிச் சொன்னார். தேரின் முன்னாலும் வடம், பின்னாலும் வடம். தெரு சரிவு என்பதால் முன்னால் இழுக்க ஒரு கூட்டம், தேர் ஓடிவிடாமல் பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கூட்டம். நண்பனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கோயிலுக்குள் இருந்ததைவிட அதிக நேரம் தேருக்குப் பக்கத்தில் நின்று, எந்தச் சரிவு, எத்தனை பேர் பிடிப்பார்கள், சக்கரத்துக்குக் கட்டை போடுவீர்களா என்று பெரியவரைக் குடைந்துகொண்டிருந்தான். "அடுத்த தேருக்கு வா தம்பி, பின் வடத்துல உனக்கு இடம் போட்டு வைக்கிறேன்" என்றார் அவர். சரி என்று தலையாட்டினான்.

இறக்கத்துக்கு ஊத்து, பண்ணைக்காடு என்ற ஊர்கள் வழியாகத் தாண்டிக்குடிப் பாதையைப் பிடித்தோம். இது கீழ்ப்பழனி மலை. விருப்பாட்சி மலைவாழை விளைகிற பூமி. 2008இலேயே புவிசார் குறியீடு வாங்கிய பழம், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சேர்ப்பதும் இந்த மலைப்பழத்தைத்தான். தண்ணீர்ப்பசை குறைவான பழம் என்பதால் பஞ்சாமிர்தம் சீக்கிரம் கெடுவதில்லை. டீக்கடையில் தொங்கிய தாரிலிருந்து ஆளுக்கு நாலு உரித்துத் தின்றோம். சின்னப் பழம், லேசான புளிப்போடு ஒரு இனிப்பு. பாலமுருகன் கோயில் பாறைமேல் இருக்கிறது. கயிலையிலிருந்து கோபித்துக்கொண்டு கிளம்பிய முருகன் முதலில் இங்கேதான் வந்து நின்றான், இங்கிருந்து ஒரே தாண்டாகத் தாண்டிப் பழனி போய்ச் சேர்ந்தான் என்று கடைக்கார அம்மா சொன்னார்.

"அவரு தாண்டிட்டாரும்மா. நாங்க பிரேக்கைப் புடிச்சிக்கிட்டே இறங்கணும்" என்றான் நண்பன்.

அது உண்மையும்தான். தடியன்குடிசை வழியாகக் கீழே இறங்கும் சாலை வளைவுக்கு மேல் வளைவு. ரிம் சூடாகிவிடக் கூடாது என்று அங்கங்கே நின்று, முன் பிரேக்கும் பின் பிரேக்குமாக மாற்றி மாற்றிப் பிடித்து, வத்தலக்குண்டு வந்து சேர்ந்தபோது இருவருக்கும் விரல்களை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றித் தரச் சொன்னோம்.