நடுவில் உட்கார வைக்கும் லேபிள்கள்

சரவுண்ட் என்றால் நமக்கு சினிமாதான். தலைக்கு மேல் ஹெலிகாப்டர், முதுகுக்குப் பின்னால் கண்ணாடி உடையும் சத்தம், அவ்வளவுதான். பாட்டுக் கேட்க எதற்கு அஞ்சு ஸ்பீக்கர், ரெண்டு போதாதா என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சரவுண்ட் என்ற பெயரில் வந்த இசைத்தட்டுகள் பலவற்றில் நடப்பது, மிக்ஸிங் மேஜையில் உட்கார்ந்து கிட்டாரைப் பின்னால் தள்ளி, டிரம்ஸை அறை முழுக்கச் சுற்றவிடும் வேடிக்கை. ரெண்டு தடவை கேட்டால் அலுத்துவிடும். நான் சொல்ல வருவது அதை இல்லை. வாத்தியத்தோடு சேர்த்து அது ஒலிக்கிற கூடத்தையும் பதிவு செய்தே தீருவோம் என்று கிளம்பிய சில சின்ன லேபிள்கள், அதாவது இசைத்தட்டு நிறுவனங்கள், இருக்கின்றன. பெரும்பாலும் ஐரோப்பாவில், பெரும்பாலும் யாரோ ஒருவரின் பிடிவாதத்தால் நடப்பவை. மேற்கத்திய செவ்வியல் இசையையும் கொஞ்சம் ஜாஸையும் இவர்கள் பதிவு செய்திருக்கும் விதத்தைக் கேட்டபிறகு சில படைப்புகளை ஸ்டீரியோவில் கேட்கவே மனசு வருவதில்லை.

எனக்கு இதற்குள் வழி திறந்துவிட்டது நார்வேயின் 2எல் என்ற லேபிள். ஸ்பீக்கர்களை எல்லாம் இயக்கும் ரிசீவர் ஒன்று புதிதாக வாங்கியதும் சோதித்துப் பார்க்க இலவசமாக ஏதாவது கிடைக்குமா என்று எல்லாரும் தேடுவதுபோல நானும் தேடினேன். ஒரே இசைத்துண்டை ஸ்டீரியோவிலும், அஞ்சு ஸ்பீக்கரும் ஆழ்ந்த சத்தத்துக்குத் தனியாக ஒன்றும் கொண்ட 5.1லும் பல தரங்களில் சும்மாவே இறக்கிக்கொள்ளும்படி அவர்கள் போட்டு வைத்திருந்தார்கள். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, ஏனென்றால் ரெண்டையும் மாற்றி மாற்றிக் கேட்ட அன்றைக்கே நான் மாட்டிக்கொண்டேன்.

அங்கிருந்து போய் வாங்கியது இசையமைப்பாளர் கிம் ஆந்த்ரே ஆர்னெசனின் மாக்னிஃபிகாட், 2014ல் வந்த தட்டு. ட்ரோண்ட்ஹெய்ம் ஊரின் நிடாரோஸ் பேராலயத்துப் பெண்பிள்ளைகள் பாடகர் குழுவும், ட்ரோண்ட்ஹெய்ம் சோலிஸ்டினே என்ற தந்தி வாத்தியக் குழுவும் சேர்ந்து செய்தது. இடைக்காலத்துக் கட்டடம், கல் சுவர், எங்கேயோ உயரத்தில் கூரை. ஒரு அடி பாடி முடித்து வாயை மூடிய பிறகும் சத்தம் அடங்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டீரியோவில் அந்த எதிரொலி பாடகர்களுக்குப் பின்னால் ஒட்டிவைத்த மாதிரி முன்சுவரிலேயே நிற்கிறது. 5.1ல் அது என் பின்னால் போய், மேலே ஏறி, மெதுவாகத் தேய்கிறது. அந்தக் கடைசித் தேய்வைக் கேட்க மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். மே மாதத்தில் இது ஒரு தியாகம், வீட்டில் மற்றவர்களிடம் அனுமதி வாங்கித்தான் செய்கிறேன்.

2எல்லை நடத்துபவர் மார்ட்டன் லிண்ட்பெர்க். தயாரிப்பாளர், பதிவுப் பொறியாளர் ரெண்டும் அவரே. அவர் செய்கிற முறையைத் தெரிந்துகொண்டால்தான் இந்த ஒலி எப்படி வருகிறது என்று புரியும். தேவாலயத்துக்குள் நடுவில் ஒரு மைக் மரம் நிற்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும் ஆம்னி மைக்குகள், கிட்டத்தட்ட ஒரு கனசதுரத்தின் மூலைகளில் நிறுத்தியதுபோல. பெரிய இடத்தில் பெரிய குழு என்றால் அந்தக் கனசதுரத்தின் பக்கம் சுமார் 120 செ.மீ., நாலு பேர் வாசிக்கிற நெருக்கமான பதிவு என்றால் 40 செ.மீ. வரை சுருங்கும். கலைஞர்கள் மேடையில் வரிசையாக உட்காருவதில்லை, அந்த மரத்தைச் சுற்றி வட்டமாக உட்காருகிறார்கள். செல்லோ அதிகமாகக் கேட்கிறதா? கன்சோலில் குறைப்பதற்குப் பதிலாக நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போடு. இப்படி மிக்ஸிங் வேலையில் பெரும்பங்கு பதிவுக்கு முன்னாலேயே, தரையில் நாற்காலிகளை நகர்த்தியே முடிந்துவிடுகிறது. அப்புறம் 352.8 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு. டி.எக்ஸ்.டி. என்று இதற்குப் பெயர். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், என் காதுக்கு இங்கே பாதிக்கு மேல் வேலை செய்வது மைக் நிற்கும் இடம்தான்.

நாம் வீட்டில் உட்காரும் நாற்காலி, அந்த மைக் மரம் நின்ற இடம். அதனால் ரசிகர் வரிசையில் உட்கார்ந்த உணர்வு வராது, குழுவின் நடுவில் உட்கார்ந்த உணர்வு வரும். கச்சேரியில் இப்படி யாருக்குமே கேட்காதே, இது பொய்யில்லையா என்று ஒரு சண்டை இந்த வட்டாரத்தில் ரொம்ப காலமாக நடக்கிறது. லிண்ட்பெர்கின் நிலைப்பாடு தெளிவானது: பதிவு என்பது கச்சேரியின் நகல் அல்ல, தனிக் கலை. இந்த ஆளை கிராமி விருதுக்கு வருஷா வருஷம் பரிந்துரைத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2020ல், அதே பெண்பிள்ளைகள் குழு பாடிய லக்ஸ் என்ற தட்டுக்குத்தான் கிடைத்தது.

இதற்கு நேர் எதிர்க்கட்சி நெதர்லாந்தின் சானல் கிளாசிக்ஸ் லேபிள். ஜாரெட் சாக்ஸ் என்ற அமெரிக்க ஹார்ன் வாசிப்பாளர் அங்கே போய்க் குடியேறி 1990ல் தொடங்கியது. இவருடைய தட்டுகளில் வாத்தியம் எல்லாம் முன்னால்தான், பின் ஸ்பீக்கர்களில் கூடத்தின் காற்று மட்டும். இவான் ஃபிஷர் புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்கெஸ்ட்ராவை வைத்து நடத்திய மாலரின் இரண்டாவது சிம்ஃபனியைக் கேளுங்கள். பின் ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்றே சந்தேகம் வரும், எழுந்துபோய் காதை வைத்துப் பார்த்தால் லேசாக ஏதோ முனகுகிறது. அதை அணைத்துப் பாருங்கள், முன்னால் இருக்கும் ஆர்கெஸ்ட்ராவே தட்டையாகிவிடும். முன்னால் இருப்பதற்கு ஆழம் கொடுக்கப் பின்னால் இருப்பது தேவைப்படுகிறது, இதை விளக்கிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அணைத்துக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

என் கட்சி எது என்றால், தட்டைப் பொறுத்தது என்று நழுவாமல் சொல்கிறேன்: பாடகர் குழுவுக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் வட்டம், முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மேடை. ஜெர்மனியின் டாசெட் லேபிளில் நாலு பேர் கொண்ட தந்திக் குழுவை நம்மைச் சுற்றி நாலு பக்கமும் உட்கார வைக்கிறார்கள். ஹைடன் மாதிரி ஒருவர் கேள்வி கேட்க இன்னொருவர் பதில் சொல்கிற இசையில் இது அற்புதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கழுத்தைத் திருப்பாமலே தெரிகிறது. ஆனால் மாலரின் நடுவில் உட்கார்ந்தால் டிராம்போன்காரர் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடுவார், எனக்கு அது வேண்டாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் சோனோ லுமினஸ் லேபிள் 2017ல் வெளியிட்ட ரெக்கரன்ஸ் என்ற தட்டு. ஐஸ்லாந்து சிம்ஃபனியை ரெய்க்யவிக்கின் ஹார்ப்பா அரங்கத்தில் மைக்குகளைச் சுற்றி வட்டமாக உட்கார வைத்து, டேனியல் பியார்னசன் நடத்தினார். எல்லாம் இன்றைய ஐஸ்லாந்து இசையமைப்பாளர்களின் படைப்புகள். அதில் மெட்டைத் தேடினால் ஏமாற்றம்தான், மேகம் மாதிரி ஒலி நகர்கிறது. அதற்குள் நிற்பது சரியாக இருக்கிறது.

சுற்றிலும் ஒலி வருவது ஒன்றும் இந்தக் காலத்து எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் கண்டுபிடிப்பும் இல்லை. வெனிஸின் சான் மார்க்கோ தேவாலயத்தில் எதிரெதிர் மாடங்களில் பாடகர்களையும் பித்தளை வாத்தியங்களையும் பிரித்து நிறுத்தி காப்ரியேலி எழுதியது 400 வருஷத்துக்கு முன்னால். தாமஸ் டாலிஸின் 40 குரல் படைப்பு, ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழுக்களுக்கு. பெர்லியோஸ் 1837ல் தன் ரெக்வியத்தில், அதாவது இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசையில், நாலு பித்தளைக் குழுக்களை நாலு மூலையில் நிறுத்தச் சொன்னார். இதையெல்லாம் ரெண்டு ஸ்பீக்கருக்குள் அடைத்தால் இசையமைப்பாளர் எழுதியதில் ஒரு பகுதியையே வெட்டிவிட்ட மாதிரிதான். அந்த ரெக்வியத்தை சர் காலின் டேவிஸ் 2012ல் லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் நடத்தியதை லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவின் சொந்த லேபிளான எல்.எஸ்.ஓ. லைவ் சரவுண்டில் வெளியிட்டிருக்கிறது. பித்தளைகள் கிளம்பும் இடத்தில் வால்யூம் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தார் சினேகம் முக்கியம்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை பென்டாடோன் என்ற லேபிளுடையது. 1970களில் க்வாட்ரஃபோனிக் என்று நாலு சேனல் ஒலி ஒரு பெரிய அலையாக வந்தது. ஆளுக்கு ஒரு முறை, ஒன்று மற்றொன்றோடு சேராது, வினைல் தட்டில் நாலு சேனலை அடைப்பதும் பெரும்பாடு. மொத்தமும் சில வருஷத்தில் படுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் ஃபிலிப்ஸ் நாலு சேனலில் பதிவு செய்து, வெளியே விட்டதோ ஸ்டீரியோவில் மட்டும். நாடாக்கள் அலமாரியில் கிடந்தன. 2001ல் ஃபிலிப்ஸ் கிளாசிக்ஸிலிருந்து வெளியேறியவர்கள் பென்டாடோனைத் தொடங்கியபோது, சோனியும் ஃபிலிப்ஸும் 1999ல் கொண்டுவந்த, பல சேனலைத் தாங்கும் எஸ்.ஏ.சி.டி. தட்டு கையில் இருந்தது. அந்த நாடாக்களை எடுத்து நாலு சேனலாகவே வெளியிட்டார்கள். நெவில் மாரினர் நடத்தியதை, பதிவு செய்தவர்கள் நினைத்த மாதிரி, ஏறக்குறைய 30 வருஷம் கழித்துதான் ரசிகர்கள் கேட்க முடிந்தது.

ஜாஸ் பக்கம் நிலைமை கொஞ்சம் சுமார்தான். ஜாஸ் ரசிகர்கள் இன்னும் 1950களின் மோனோவிலும் ஸ்டீரியோவிலும் காதலாக இருக்கிறார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது. டெலார்க் என்ற லேபிள் நிறையச் செய்தது, 2009ல் அதன் தயாரிப்புக் குழுவையே கலைத்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் மார்க் வால்ட்ரெப்பின் ஏ.ஐ.எக்ஸ். ரெக்கார்ட்ஸ் செய்தது எனக்கு நேர்மையான வழியாகப் படுகிறது. ஒரே பதிவை மேடையில் நின்று கேட்பது, ரசிகர் இடத்திலிருந்து கேட்பது என்று ரெண்டு விதமாக மிக்ஸ் செய்து ஒரே தட்டில் கொடுத்துவிட்டு, சண்டையை நம்மிடமே விட்டுவிட்டார். 2எல்லில் பியானோ வாசிப்பவர் யான் குன்னார் ஹாஃபின் தட்டுகள் இருக்கின்றன. அதில் போலாரிட்டி என்ற தட்டில் பியானோ, பாஸ், டிரம்ஸ் மூணு பேர்தான். டிரம்ஸ் சிம்பல் மேல் பிரஷ் உரசி, அந்த உலோகம் நடுங்கி அடங்கும் வரைக்கும் அது இருக்கும் இடம் அசையாமல் தெரிகிறது. பார் சத்தமும் சிகரெட் புகையும் கலந்த ஜாஸ் வேண்டுமென்றால் இது உங்களுக்கில்லை, குளிர்காலத்துத் தேவாலய ஜாஸ் இது.

கேட்பதற்கு என்ன வேண்டும் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைப்ரிட் எஸ்.ஏ.சி.டி.யில் ஸ்டீரியோ அடுக்கு இருப்பதால் சாதாரண சி.டி. பிளேயரிலும் பாடும், ஆனால் சரவுண்டுக்கு எஸ்.ஏ.சி.டி. படிக்கும் பிளேயர் வேண்டும். முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் 3 இதைப் படிக்கும் என்பதால் பழைய பொருள் கடைகளில் அதற்கு இன்னும் மவுசு. ஓப்போ நிறுவனம் 2018ல் பிளேயர் தயாரிப்பையே நிறுத்திய பிறகு, அதை வைத்திருப்பவர்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. இன்னொரு வழி, இசை மட்டும் உள்ள ப்ளூ-ரே. 2எல் 2008லேயே டிவெர்ட்டிமென்டி என்ற தட்டோடு அதில் இறங்கிவிட்டது, எந்த ப்ளூ-ரே பிளேயரும் போதும். டி.வி.யைப் போடாமலே ரிமோட்டின் வண்ணப் பொத்தானில் ஸ்டீரியோவா சரவுண்டா என்று தேர்ந்துகொள்ளலாம். ரெண்டும் வேண்டாம் என்றால் 5.1 கோப்பாகவே விலைக்கு வாங்கிக் கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவருக்கு அனுப்பலாம், நான் இப்போது பெரும்பாலும் அப்படித்தான்.

இதைவிட முக்கியம் ஸ்பீக்கர் நிற்கும் இடம். சினிமாவுக்குப் பின் ஸ்பீக்கரைச் சோபாவுக்குப் பின்சுவரில் உயரமாக ஆணியடித்து மாட்டியிருப்போம், இந்த இசைக்கு அது ஆகாது. ஐ.டி.யூ. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு வகுத்த முறைப்படி நடுவில் ஒன்று, முன்னால் ரெண்டு பக்கமும் 30 டிகிரியில், பின்னால் ரெண்டும் 110 டிகிரியில், அதாவது காதுக்குச் சற்றே பின்னால், அஞ்சும் நம் தலையிலிருந்து ஒரே தூரத்தில், காது உயரத்தில். நான் நாற்காலி முதுகில் சணல் கயிற்றைக் கட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இழுத்துப் பார்த்துத் தரையில் சாக்பீஸால் குறி போட்டு வைத்திருக்கிறேன். பெருக்கும்போது அழிந்தால் மறுபடி கயிறு. முடிந்தால் அஞ்சும் ஒரே மாடலாக இருக்கட்டும், கையில் காசு குறைவு என்றால் பெரிய ஸ்பீக்கர் ரெண்டுக்குப் பதில் சின்னது அஞ்சு வாங்குவேன்.

இப்போது புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பியின் அட்மாஸ் முறை வழியாகத்தான் வருகிறார்கள். 2021ல் ஆப்பிள் மியூசிக் அதைத் திறந்துவிட்ட பிறகு பட்டியல் மளமளவென்று வளர்ந்தது. வளர்ந்ததில் உயரத்துக்கும் சேர்த்து மைக் வைத்துப் பதிவு செய்ததும் இருக்கிறது, ஸ்டீரியோவுக்காகப் பதிவு செய்ததைப் பின்னால் வாங்கி எதிரொலி சேர்த்து ஊதிப் பெருக்கியதும் இருக்கிறது, திரையில் ரெண்டுக்கும் ஒரே முத்திரை. இணையத்தில் ஸ்ட்ரீமிங்காக வருவது சிலதை இழந்து சுருக்கப்பட்ட வடிவம், ப்ளூ-ரேயில் இருப்பது சுருக்கத்தில் எதையும் இழக்காதது, அதுவும் முத்திரையில் தெரியாது. நான் பார்ப்பது தட்டோடு வரும் சிற்றேட்டில் பதிவுக்கூடப் புகைப்படம் போட்டிருக்கிறார்களா என்று. மைக் எங்கே நிற்கிறது, வாசிப்பவர்கள் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்கள், கூரை எவ்வளவு உயரம் என்று ஒரு படத்தில் தெரிந்துவிடும். படம் இல்லையென்றால் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். 2எல் இதில் தாராளம், மைக் மரத்தையும் சுற்றி உட்கார்ந்தவர்களையும் ஒளிக்காமல் போட்டுவிடுவார்கள். ஆரம்பிப்பவர்கள் அந்த இலவசக் கோப்புகளிலிருந்தே தொடங்கலாம், 5.1ஐ முதலில் போட்டு, ஸ்டீரியோவுக்கு மாற்றி, மறுபடி 5.1க்கு வாருங்கள்.