மூண்டு இஞ்சி ஏத்தி ஒண்டரைக்கு இறக்கின கதை

போன கிழமை திருகோணமலை உப்புவெளியில தேத்தண்ணிக் கடைக்கு முன்னால நிக்கேக்க ஒரு தம்பி வந்து என்ர சுசுகி ஜிம்னி ஜீப்பைச் சுத்திச் சுத்திப் பாத்திட்டு "அண்ணா, எத்தினை இஞ்சி லிஃப்ட் இது?" எண்டு கேட்டான். ஸ்பிரிங்கை மாத்தி வாகனத்தை எவ்வளவு உயர்த்தினது எண்டது தான் கேள்வி. ஒண்டரை எண்டன். அவன்ர முகம் விழுந்திட்டுது. முந்தி மூண்டு இருந்தது, நானே கழட்டிப் போட்டனான் எண்டு சொல்ல, ஏதோ விசர்க் கதை கதைக்கிறன் எண்ட மாதிரிப் பாத்தான். தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள சொல்லி முடிக்கிற கதை இல்ல அது, அதால இங்க எழுதுறன், அவன் வாசிச்சா வாசிக்கட்டும்.

என்ர வாகனம் பழைய ஜேபி 43. 1300 சிசி, முன்னுக்கும் பின்னுக்கும் முழு அக்சில், நாலு மூலையிலயும் கொயில் ஸ்பிரிங். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவங்கள் 2025இல தான் திரும்ப விட்டவங்கள், அந்த இடையில ஊரில கிடந்த பழைய ஜீப்புக்கெல்லாம் பொம்பிளை பாக்கப் போற மாதிரி ஆக்கள் வரிசையில போனவை, நானும் அந்த வரிசையில நிண்டு தான் இதை எடுத்தனான். வரேக்க 205/70 ஆர் 15 டயர், கொம்பனி உயரம். இப்ப நினைச்சா அதை அப்பிடியே ஒரு வருசம் ஓடியிருக்கோணும். எங்க தட்டுது, எங்க புதையுது எண்டு வாகனமே சொல்லியிருக்கும். நான் எங்க விட்டன். ரெண்டு மாசம் வீடியோ பாத்தன், மூண்டு இஞ்சி ஸ்பிரிங் எடுத்தன், 235/75 ஆர் 15 மட் டயர், சேத்துக்கெண்டு பெரிய பல்லு வச்சது, எடுத்தன், ஒரு சனிக்கிழமை எல்லாத்தையும் ஒண்டாப் பூட்டியாச்சு. பின்னேரம் வீட்டை கொண்டு வந்து விட்டா மதிலுக்கு மேலால பொனட் தெரியுது. அம்மா கோயிலுக்குப் போக வெளிக்கிட்டு வந்து கதவைத் திறந்து பாத்திட்டு, ஒண்டும் சொல்லாம திரும்பிப் போய் குசினியில இருந்த பலகையை எடுத்துக்கொண்டு வந்தா, ஏறுறதுக்கு.

ஊருக்குள்ள ஓடேக்க ஒண்டும் தெரியேல்ல. கந்தளாய் ரோட்டில 70ஐத் தாண்டேக்க தான் விளங்கினது. ஸ்டியரிங்கைத் திருப்பினா திருப்பின பக்கமே நிக்குது, தானா நேருக்கு வராது, நான் தான் சின்னச் சின்னதா வெட்டிக் கொண்டே போகோணும், தயிர்ச் சட்டியைத் தலையில வச்சுக்கொண்டு நடக்கிற மாதிரி. ஒரு நாள் கிண்ணியாப் பாலத்தில ஒரு மூட்டில டயர் விழுந்து ஏற முன் சில்லு ரெண்டும் நடுங்கத் தொடங்கி, ஸ்டியரிங் கையை உதறி எறியுது. 20க்குக் குறைச்சாப் பிறகு தான் நிண்டது. பக்கத்தில இருந்த மச்சான் பாலத்துக்குக் கீழ தண்ணியைப் பாத்துக்கொண்டே இருந்தவன், கரைக்குப் போகும் வரைக்கும் வாயே திறக்கேல்ல.

காரணம் பெரிய மர்மம் ஒண்டும் இல்ல. ஜிம்னியில முன் அக்சிலைப் பிடிச்சிருக்கிற ரெண்டு கையும் பின்னுக்கு சேசிஸில மாட்டியிருக்கு. ஸ்பிரிங்கை உயர்த்தினா அந்தக் கை சரியுது, கையோட அக்சிலும் கொஞ்சம் சுழலுது, அதால கேஸ்டர் குறையுது. சைக்கிளின்ர முன் சில்லைப் பிடிக்கிற கவர் சாய்ஞ்சிருக்கிறதால தானே கையை விட்டும் நேர ஓடுது, அதே சங்கதி தான் கேஸ்டர். அதைச் சரிக்கட்ட துளை நடுவை விட்டு விலகின புஷ் (கை மாட்டுற ஓட்டையில போடுற ரப்பர் வளையம்) வருது, அதை நான் போடேல்ல. மற்றது பனார்ட் ரொட், அக்சிலைப் பக்கவாட்டில அசையாமப் பிடிக்கிற கம்பி. வாகனம் உயர அந்தக் கம்பி கூடச் சரிஞ்சு அக்சிலை ஒரு பக்கம் இழுத்திடும். நூல் பிடிச்சு அளந்தா முன் சில்லு ஒரு பக்கம் ஒரு சென்டிமீற்றருக்குக் கிட்ட வெளிய நிண்டது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ரொட் போட்டாத் தான் அது சரிவரும். இதோட பழைய புஷ் தேய்ஞ்சு கிடந்தது, பாரமான மட் டயர் பலன்ஸும் சரியில்ல, எல்லாம் சேந்து பாலத்தில கூத்தாடினது. பூட்டின இடத்தில இதில ஒண்டும் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல.

சரி, இப்ப கணக்குக்கு வாறன், இது தான் அந்தத் தம்பிக்கு நான் முக்கியமாச் சொல்ல நினைச்சது.

205/70 ஆர் 15 எண்டா அகலம் 205 மில்லிமீற்றர், பக்கச் சுவர் அதில 70 வீதம், ரிம் 15 இஞ்சி. மொத்த உயரம் 668 மில்லிமீற்றர் வரும். 215/75 ஆர் 15 எண்டா 703. 235/75 ஆர் 15 எண்டா 733. இந்தக் கூடுற உயரத்தில பாதி தான் அக்சிலுக்குக் கீழ கிடைக்கும், மற்றப் பாதி மேல போகுது. அப்ப பெரிய டயருக்கு 33 மில்லிமீற்றர், நடுவில இருக்கிற டயருக்கு 18 மில்லிமீற்றர். கல்லில முதல்ல இடிக்கிறது டிஃப் பானை, அதாவது அக்சிலில உருண்டு நிக்கிற பல்லுச் சக்கரப் பெட்டி, அந்தப் பானை அக்சிலோட ஒட்டியிருக்கு, நீங்க மேல மூண்டு இஞ்சி இல்ல முப்பது இஞ்சி ஸ்பிரிங் போட்டாலும் பானை இருந்த இடத்திலயே தான் இருக்கும். அதை உயர்த்துறது டயர் மட்டும். லிஃப்ட் உயர்த்துறது வயித்தையும் பம்பரையும், அதாவது வாய்க்கால் கட்டில ஏறி இறங்கேக்க மூக்கும் வாலும் தட்டாமப் போறதுக்கு. அதுவும் தேவை தான், இல்லை எண்டு சொல்லேல்ல, ஆனா ஜிம்னி கட்டை வாகனம், மூக்கும் வாலும் ஏற்கெனவே நல்ல வெட்டு.

இன்னொண்டு, "லிஃப்ட் போட்டா பெரிய டயர் கொள்ளும்" எண்டு எல்லாரும் சொல்லுறது அரைவாசி தான் உண்மை. வாகனம் சும்மா நிக்கேக்க இடைவெளி வடிவாத் தெரியும். ஒரு சில்லு கிடங்கில விழுந்து மற்றச் சில்லு முழுசா மேல போகேக்க அக்சில் போய் முட்டுறது சேசிஸில இருக்கிற அதே பழைய ரப்பர்க் கட்டையில தானே, அந்தக் கட்டை இருக்கிற இடம் மாறேல்ல. அப்ப டயர் மட்கார்ட்டை உரசும், எத்தினை இஞ்சி ஏத்தினாலும் உரசும், கட்டையை நீளமாக்கினா அல்லது தகரத்தை வெட்டினா ஒழிய. நான் இதைக் கண்டது வீட்டு முற்றத்தில. மூண்டு கொங்கிறீட் கல்லை அடுக்கி அதுக்கு மேல ஒரு முன் சில்லை ஏத்தி, எதிர்ப்பக்கப் பின் சில்லுக்குக் கீழயும் அப்பிடியே செய்து, டயரின்ர தோளில வெண்கட்டியால தடிப்பாப் பூசி, ஸ்டியரிங்கை இந்த அந்தத்தில இருந்து அந்த அந்தம் வரைக்கும் திருப்பினன். இறங்கிப் பாத்தா உள் பிளாஸ்டிக்கில வெள்ளை அப்பியிருக்கு, பம்பரின்ர பின் மூலையிலயும் ஒரு கோடு. பிளாஸ்டிக் ஒரு இடத்தில ஏற்கெனவே தேய்ஞ்சு கடதாசி மாதிரி மெல்லிசாகி, விரலால அமத்த உள்ளுக்குப் போகுது. காசு குடுத்து டயர் எடுக்க முதல் ஆரிட்டயாவது அந்த அளவு டயர் ஒண்டைக் கடன் வாங்கி இந்த வேலையைச் செய்து பாருங்க, ஒரு மணித்தியாலம் கூடப் போகாது.

பெரிய டயரால வந்த மற்றப் பிரச்சினை கியர். உயரம் 10 வீதம் கூடினா எல்லாக் கியரும் 10 வீதம் பாரமாகினதுக்குச் சமன். ஆடி மாசம் கச்சான் காத்து எதிரால அடிக்க கந்தளாய்ப் பக்கம் போய்ப் பாருங்க, அஞ்சாம் கியர் எண்டு ஒண்டு இருக்கிறதே மறந்து போகும். மீட்டர் 60 காட்டேக்க உண்மையில ஓடுறது 66. பெற்றோல் கணக்கு எழுதி எழுதி மனம் நொந்து போனன், பிறகு தான் பிடிபட்டது மீட்டரில கிலோமீற்றரும் 9 வீதமளவு குறைச்சுத் தான் விழுந்திருக்கு எண்டு, அப்ப என்ர கவலையில கொஞ்சம் பொய்க் கவலை.

இவ்வளவுக்கும் நான் போற இடம் எது? மாசத்தில நாலு தரம் தம்பலகாமத்தில மாமாவின்ர வயல், ரெண்டு தரம் குச்சவெளிப் பக்கம் கடற்கரை, எப்பவாவது முதலிக்குளம் பக்கம் காட்டு ரோட்டு. மிச்சமெல்லாம் தார். பாறை ஏறுற இடம் ஒண்டும் இதில இல்ல.

கடற்கரையில லிஃப்ட் ஒரு சதத்துக்கும் உதவாது. எங்கட கடலில வத்துப்பெருக்கு பெரிசா இல்லாததால தண்ணி நனைச்சு இறுகின மண் ஒரு ஒடுங்கின கீலம் தான், கொஞ்சம் மேல போனா மா மாதிரி. மூண்டு இஞ்சியும் மட் டயரும் போட்ட புதுசில வாடிகளுக்குப் பின்னால இறங்கி, வேகத்தில போனாச் சரி எண்டு அமத்தினன், அந்தப் பெரிய பல்லு மண்ணைத் தோண்டி எறிஞ்சு நாலு நிமிசத்தில அக்சில் மண்ணில குந்திட்டுது. வலை பொத்திக் கொண்டிருந்த ஒரு ஐயா எழும்பி வந்து, வாகனத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "தம்பி, காத்தைத் திறந்து விட்டனீரோ?" எண்டார். இல்லை எண்டன். அவரே குந்தி இருந்து ஒரு ஈக்கில் துண்டால வால்வை அமத்தி, காதைக் கிட்ட வச்சுக் கேட்டுக் கேட்டு நாலு சில்லுக்கும் இறக்கினார். பிறகு அளந்து பாத்தன், கிட்டத்தட்ட 15 பிஎஸ்ஐ, ஈக்கிலால! மண்ணைக் கையால வழிச்சுப் போட்டு ரெண்டாம் கியரில மெதுவா விட, வந்திட்டுது. காத்து இறங்கினா டயர் அகலுறதை விட நீளமாத் தான் படுக்குது, பாரம் பரவுது. பக்கச் சுவர் உயரமா இருந்தா நல்லாப் படுக்கும், அதால தான் 15 இஞ்சி ரிம்மை விட்டிட்டு 17க்குப் போகாதீங்க எண்டு சொல்லுறது. 12க்குக் கீழ இறக்கி வெட்டித் திருப்பினா டயர் ரிம்மை விட்டுக் கழண்டிடும், அதுவும் கவனம். தாரில ஏற முதல் திரும்பக் காத்து அடிக்க ஒரு சின்னக் கொம்பிரசர் கட்டாயம்.

மாரியில வெருகல் பக்கம் ஒருக்கா தண்ணிக்குள்ளால போட்டனான். உயரம் இருக்கு தானே எண்ட தைரியம். கரை ஏறிட்டன், ஆனா ரெண்டு கிழமையால டிஃப் ஒயில் திறந்தா பால் தேத்தண்ணி நிறத்தில வருது. ஓடிச் சூடேறின டிஃப் குளிர் தண்ணிக்குள்ள இறங்கேக்க உள்ளுக்கு இருக்கிற காத்து சுருங்கி, மூச்சுக் குழாயாலயும் சீலாலயும் தண்ணியை உறிஞ்சிடும். அந்த மூச்சுக்கு ஒரு ரப்பர்க் குழாய் போட்டு பொனட் உயரத்துக்குக் கொண்டு போனாக் காரியம் முடிஞ்சுது, லிஃப்டின்ர விலையில அது தூசு. அதோட ஒண்டு, ஒரு தொன் வாகனம் ஓடுற தண்ணியில மிதக்கப் பாக்கும், டயர் பெரிசா இருந்தா இன்னும் கெதியா.

மச்சானுக்கு டபுள் கப் இருக்கு, அது வேற சாதி. முன்னுக்கு அக்சில் இல்லாம தனித்தனிச் சில்லு, உயர்த்த உயர்த்த சில்லைச் சுத்துற கம்பியின்ர சிவி ஜொயின்ட் கூட மடங்கி அதின்ர ரப்பர் உறை கிழியும். ரெண்டு இஞ்சிக்கு மேல ஆசைப்படாத எண்டு மட்டும் சொன்னனான், கேட்டுக் கொண்டான், பாலத்தை மறக்கேல்லப் போல.

கடைசியா நான் வந்து நிண்டது 215/75 ஆர் 15 ஓல் டெரைன் டயர் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான பல்லு), 40 மில்லிமீற்றர் ஸ்பிரிங், கேஸ்டர் புஷ், முன்னுக்கு நீட்டிக் குறைக்கிற பனார்ட் ரொட். அந்த டயர் லிஃப்டே இல்லாமலும் கொள்ளும். ஸ்பிரிங் போட்டது விதைநெல் மூட்டை ஏத்தினா பின்னுக்குப் படுக்காம இருக்க. டயரைக் கிண்ணியாவில எடுத்தனான், முதல்ல ஒரு சோடி மலிவாக் காட்டினவர், பல்லு புதுசு மாதிரி. பக்கச் சுவரில நாலு இலக்கம் பாத்தா 3814, அதாவது 2014ஆம் ஆண்டு 38ஆம் கிழமை செய்தது. "நானா, இது என்ர மருமகனோட பள்ளிக்கூடம் சேந்த டயர்" எண்டன், சிரிச்சுக் கொண்டு உள்ளுக்குப் போய் வேற எடுத்து வந்தார்.

குறை இல்லையா எண்டா இருக்கு. தம்பலகாமத்தில மார்கழிக் களியில இந்தப் பல்லு ரெண்டு சுத்தில அடைச்சு வழுக்கைத் தலை மாதிரி ஆகிடும், மட் டயர் எண்டா சுத்தச் சுத்தக் களியை எறியும். அந்த நாலு கிழமைக்காக வருசம் முழுக்க தாரில இரைஞ்சு கொண்டு ஓட எனக்கு ஏலாது. வாய்க்கால் கட்டில வாகனத்தை விட்டிட்டு, சாரத்தை மடிச்சுக் கட்டிக் கொண்டு, செருப்பைக் கையில தூக்கிக் கொண்டு நடந்து போறன். மாமா சைக்கிளையும் அங்க தான் விடுறவர்.