வில் இன்னும் படியவில்லை: ஓல்ட் டைம் ஃபிடில் பயிற்சிக் குறிப்புகள்

சின்ன வயதில் கர்நாடக வயலின் கற்றவர்களுக்கு அமெரிக்க ஓல்ட் டைம் ஃபிடிலில் ஒரு சலுகை உண்டு. ஏ சுருதியில் வரும் பாட்டுகளுக்கு இந்த இசைக்காரர்கள் தந்திகளைக் கீழிருந்து ஏ, ஈ, ஏ, ஈ என்று கூட்டிக்கொள்கிறார்கள். அதாவது ச, ப, ச, ப. நாம் காலங்காலமாகக் கூட்டுவது அதேதான். இவர்கள் இதைக் கிராஸ் ஏ என்கிறார்கள். கடையில் வாங்கும் வயலின் ஜி, டி, ஏ, ஈ என்றுதான் கூட்டியிருக்கும். கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒரு முழுச் சுரம் ஏற்றினால் போதும், பழகிய சுருதி வந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன். சலுகை இடது கைக்கு மட்டும்தான் என்பது அப்புறம்தான் புரிந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தெற்கு அப்பலாச்சிய மலைப்பகுதியின் நடன இசை இது. ஃபிடில் (நம் வயலினேதான்), பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம், கிடார், சில நேரம் பெரிய பாஸ். புளூகிராஸ் என்ற இசை வகை 1940களில் இதிலிருந்து கிளைத்தது. அதில் ஒவ்வொருவராக முன்னால் வந்து தனியாக வாசித்துக் காட்டுவார்கள். இதில் தனி ஆவர்த்தனம் கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாக, அவரவர் பாணியில், திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். 1922இல் எக் ராபர்ட்சன் நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்கு வாசித்ததுதான் இந்த வகையின் ஆரம்ப இசைத்தட்டுகளில் ஒன்று. அடுத்த ஆண்டே அட்லாண்டாவில் ‘ஃபிட்லின்’ ஜான் கார்சன் பதிவு செய்தார். தட்டு விற்கும் என்று கம்பெனிகளுக்குத் தெரிந்த பிறகு மலை ஊர்களுக்கே பதிவுக் கருவிகளோடு கிளம்பிவிட்டார்கள்.

நான் இருப்பது வட கரோலினாவில், ராலே பக்கம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வடமேற்கே ஓட்டினால் மவுண்ட் ஏரி வரும். அதை ஒட்டிய ரவுண்ட் பீக் வட்டாரத்துக்கென்றே ஒரு பாணி உண்டு. நான் பிடித்துக்கொண்டது அதைத்தான், குறிப்பாக டாமி ஜாரெல் வாசிப்பை (1901–1985). நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன்செய்யும் இயந்திரம் ஓட்டியவர். அப்பா பென் ஜாரெல் 1927இலேயே இசைத்தட்டில் வாசித்தவர். டாமியை வெளியுலகம் தேடி வந்தது 1966இல் அவர் ஓய்வு பெற்ற பிறகுதான். டோஸ்ட் என்ற ஊரில் இருந்த அவர் வீட்டுக்கு எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் வருவார்கள், தங்குவார்கள், சாப்பிடுவார்கள், எதிரே உட்கார்ந்து வில்லைப் பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது. குருகுலம் என்று சொன்னால் மிகையில்லை.

சரி, வில்லுக்கு வருகிறேன்.

நமக்குச் சொல்லிக்கொடுத்தது நீள வில். ஒரு சங்கதி முழுக்க ஒரே வில்லில் வரவேண்டும், வில் திரும்புவது காதில் விழக்கூடாது. இங்கே நேர் எதிர். வில் திரும்புவது கேட்டே ஆகவேண்டும், ஏனென்றால் ஆடுபவர்களின் கால் அதை நம்பித்தான் இருக்கிறது. மிருதங்கம் இல்லாத இசையில் அந்த வேலையையும் வலது கைதான் பார்க்கிறது. ஷஃபிள் என்கிற அடிப்படை வில்வீச்சு இப்படிப் போகும்: ஒரு நீளம், இரண்டு குட்டை. தா தக தா தக. சொல்வதற்கு எளிது. அழுத்தம் நாம் தட்டும் அடியில் விழாமல் அடிக்கும் அடிக்கும் நடுவில் விழவேண்டும் என்பதுதான் சிக்கல். ஆதி தாளம் போட்டு வளர்ந்த உடம்பு இதற்கு லேசில் இணங்காது.

அதனால் கொஞ்ச காலம் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துவிட்டேன். காலித் தந்தி, மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60, வெறும் தா தக. வில்லின் நடுப்பகுதி மட்டும், ஒரு சாண் அளவு. கை முழுதாக வீசாமல் மணிக்கட்டும் விரல்களும் மட்டும் வேலை செய்யவேண்டும். மனைவி ஹெட்ஃபோன் வாங்கிக்கொண்டாள், அவளுக்கு. 60 படிந்த பிறகு மெட்ரோனோமின் சத்தத்தை அடியாக எண்ணாமல் நடு எண்ணிக்கையாக எண்ணி வாசிக்க ஆரம்பித்தேன். இதுதான் உருப்படியான திருப்பம். இதே சங்கடத்தில் இருப்பவர்கள் இதை முதல் நாளிலிருந்தே செய்யலாம்.

அடுத்தது இரட்டைத் தந்தி. ஒன்றில் மெட்டு, பக்கத்துத் தந்தி சும்மா ஒலித்துக்கொண்டே இருக்கும். என் வயலினின் குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) நல்ல வளைவு. இரண்டு தந்திகளைச் சேர்த்துத் தொட வில்லை அழுத்த வேண்டியிருந்தது, சத்தமும் கரகரத்தது. இங்கே பலர் குதிரையைக் கொஞ்சம் தட்டையாக வைத்துக்கொள்கிறார்கள். நானும் வேறொரு குதிரை வாங்கி, நடுத் தந்திகள் இரண்டும் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, தேய்த்து, தந்தியை மாட்டி வாசித்துப் பார்த்து, மறுபடி கழற்றித் தேய்த்து இறக்கினேன். அளவு மீறினால் வில் மூன்று தந்திகளையும் சேர்த்துப் பிடித்துவிடும் என்பதால் பொறுமை வேண்டும். பழைய குதிரை பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, வர்ணம் வாசிக்க.

வயலினின் உடலுக்குள்ளேயே ராட்டில் ஸ்நேக் பாம்பின் வால் கிலுகிலுப்பையைப் போட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. எலி அண்டாது, ஈரம் ஏறாது, நாதம் கூடும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஜாரெல் ஃபிடிலிலும் இருந்ததாம். அதை நான் முயற்சி செய்வதாக இல்லை.

இடது கையில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், அதை அடக்கவேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அடக்கத் தேவையில்லை என்பது எனக்கு ஆறுதல். ‘கிளக் ஓல்ட் ஹென்’ என்ற பழைய கோழி மெட்டில் காந்தாரம் (‘க’ சுரம்) சாதாரணமும் (சிறியது) இல்லை, அந்தரமும் (பெரியது) இல்லை, இரண்டுக்கும் இடையில் தொங்குகிறது. பியானோவில் அந்தச் சுரமே கிடையாது. வாரந்தோறும் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் கூடுகையில் என் பக்கத்தில் உட்காரும் பெரியவரிடம், விரலை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். “நடுவுல எங்கேயோ” என்றார். கேலி இல்லை, அவ்வளவுதான் விடை. கர்நாடகக் காது உள்ளவர்களுக்கு இந்த ‘நடுவுல எங்கேயோ’ ஒரு பொருட்டே இல்லை. பியானோவில் ஆரம்பித்துவிட்டு ஃபிடிலுக்கு வந்தவர்கள்தான் திண்டாடுகிறார்கள்.

‘கிச்சன் கேர்ள்’ இன்னும் வேடிக்கை. ஒரு பாதியில் காந்தாரம் பெரியது, மறு பாதியில் சிறியது. நம் கணக்கில் ஹரிகாம்போஜியில் பாதி, கரகரப்பிரியாவில் பாதி. வீடியோ அழைப்பில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “என்னடா, பாதியில காந்தாரம் மாறிப்போச்சு?” என்றாள். அப்படித்தான் பாட்டே என்று நம்ப வைக்கப் பெரும்பாடு.

இந்த மெட்டு கிடைத்தது ஹென்றி ரீட் (1884–1968) வாசிப்பிலிருந்து. வர்ஜீனியாவின் க்ளென் லின் ஊர்க்காரர். 1960களின் நடுவில் ஆலன் ஜபூர் என்ற இளம் ஆய்வாளர் அவரைத் தேடிப்போய்ப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் இலவசமாகக் கேட்கலாம். வேகத்தைக் குறைத்து வாசிக்கும் ஆப் ஒன்றில் போட்டு, வில் எங்கே திரும்புகிறது என்று தாளில் குறித்துக்கொண்டேன். இங்கே யார் எந்த மெட்டை எடுத்தாலும் “இது யாருடைய பாடாந்தரம்?” என்கிற கேள்வி உடனே வந்துவிடும். ரீட் வாசிப்பா, ஜாரெல் வாசிப்பா என்பது மெட்டின் பெயரைவிட முக்கியம். நம் சபா வாசல் பேச்சு ஞாபகம் வந்தது.

கூடுகையின் ஒழுங்கு எழுதி வைத்ததல்ல, பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். வட்டமாக நாற்காலி. ஒரு சுருதி எடுத்தால் ஒரு மணி நேரம்கூட அதிலேயே போகும், ஏனென்றால் சுருதி மாறினால் பாஞ்சோக்காரர்கள் எல்லோரும் தந்திகளைத் திருப்பிக் கூட்டவேண்டும். மெட்டுக்கு இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு தரம். ஆதி தாளத்தில் போட்டுப் பார்த்தால் மொத்தம் எட்டு ஆவர்த்தனம். நடன வேகத்தில் ஒரு சுற்றுக்கு முப்பது விநாடி சொச்சம். பத்து நிமிடம் போனால் பதினைந்து இருபது சுற்று ஆகிவிடும். முதல் சில சுற்றுகள் சலிப்பு. பிறகு பாஞ்சோக்காரரின் கட்டைவிரல் குட்டை ஐந்தாம் தந்தியில் எங்கே விழுகிறது என்று காதுக்குத் தெரிய ஆரம்பிக்கும், வில் அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். தொடங்கியவர் ஒரு காலைத் தூக்கினால் அதுதான் கடைசிச் சுற்று.

ஜூன் முதல் வாரக் கடைசியில் மவுண்ட் ஏரியில் நடக்கும் ஃபிடிலர்ஸ் கன்வென்ஷனுக்கும் போனேன். 1972லிருந்து நடக்கிறது. மேடையில் போட்டி ஒருபக்கம் நடந்தாலும் உண்மையான கச்சேரி கூடாரங்களுக்கும் வண்டிகளுக்கும் இடையில்தான். ஒரு வட்டத்தின் வெளி விளிம்பில், மெல்லிய சத்தத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். ‘பிரேக்கிங் அப் கிறிஸ்மஸ்’ வந்தது. கிறிஸ்மஸ் தொடங்கி ஜனவரி 6 வரை வீடு வீடாகப் போய் ஆடிய காலத்து மெட்டு, கிராஸ் ஏ. மூன்றாவது சுற்றில் உள்ளே இருந்த ஒரு அம்மா தன் நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

இந்த இசையை வெள்ளையரின் மலை இசை என்று மட்டும் எழுதுகிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். பாஞ்சோவே ஆப்பிரிக்க வழி வந்த வாத்தியம். 1920களில் இசைத்தட்டு கம்பெனிகள் வெள்ளையருக்கு ஒரு வரிசை, கறுப்பருக்கு ஒரு வரிசை என்று பிரித்து விற்றதில் கறுப்பரின் ஃபிடில் குழுக்கள் பெரும்பாலும் பதிவாகாமலே போயின. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மீபேனில் இருந்த ஜோ தாம்சன் (1918–2012) அந்த மரபை நேரடியாகக் கையில் வைத்திருந்தவர். கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ் இசைக்குழுவினர் அவர் வீட்டுக்கே போய்க் கற்றார்கள். அவர் வில்லில் அடி இன்னும் கனம், மெட்டு இன்னும் சுருக்கம். இப்போது ஓட்டிக்கொண்டிருப்பது அவருடைய பதிவுகளைத்தான்.

நிலவரம்: 100 வேகத்தில் ஷஃபிள் கலையாமல் நிற்கிறது, 115ஐத் தொட்டால் தோள் இறுகுகிறது. அடுத்து டி, டி, ஏ, டி என்ற கூட்டல். கென்டக்கியின் வில்லியம் ஸ்டெப் 1937இல் ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’ வாசித்த பதிவு ஒன்று இருக்கிறது. இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட் 1942இல் தன் பாலே இசைக்கு அதைத்தான் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் நிதானமான நடையில் வாசிப்பதை ஸ்டெப் பறக்கவிடுகிறார். ஜி தந்தியை டி வரைக்கும் இறக்கினால் தொளதொளவென்று ஆடுகிறது. கொஞ்சம் தடித்த தந்தி ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் மாட்டிப் பார்க்கவேண்டும்.