துணிக்கொடியும் குப்பைக் கூடையும்

குன்னூரில் நாங்கள் குடியிருக்கும் பன்னிரண்டு வீட்டு அடுக்ககத்தில், அக்கம்பக்கத்து உறவு மொட்டைமாடித் துணிக்கொடியில்தான் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெயில் தலைகாட்டுவதே அபூர்வம் என்பதால், மூடுபனி ஏறி வருவதை முதலில் காண்பவர் எல்லோருடைய துணிகளையும் எடுத்து, மடித்து, அவரவர் கதவருகே வைத்துவிட வேண்டும் என்பது எவரும் எழுதி வைக்காத ஏற்பாடு. (என் கம்பளிச் சட்டை ஒருமுறை மூன்று வீடுகளைச் சுற்றிவிட்டுத்தான் வந்து சேர்ந்தது.)

சங்கத்துக்கும் பொதுச்செலவுக்கும் 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இருக்கிறது. காட்டெருமைக்கும் கரடிக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுதான். சமையல் கழிவின் வாசனைக்குக் கரடி வரும் என்பதால், இரவில் குப்பைக் கூடையை வெளியே வைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தோம். அதை முதலில் மீறியவன் நானே; காலையில் கூடை நசுங்கி, முட்டை ஓடுகள் வாசல்வரை சிதறிக் கிடந்தன.

எதிர்வீட்டுப் படுகர் பாட்டி கோபப்படவில்லை. ஒரு கிண்ணம் அவரைக்குழம்பை நீட்டி, "ராத்திரி கூடையை உள்ளே வெச்சுக்கோப்பா" என்று மட்டும் சொன்னார். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால், நாளை ஊட்டி வர்க்கி வாங்க வேண்டும்.