ஸ்கோர்கார்டிலிருந்து உயில்வரை: ஒரு விக்டோரியா கால அமெச்சூரைத் தேடும் வழி

விக்டோரியா கால இங்கிலாந்தில் நிலக்கிழார் வீட்டிலிருந்து வந்து கிரிக்கெட் ஆடிய ஒருவரின் வாழ்க்கையைத் திரட்டும்போது முதலில் சிக்குவது ஸ்கோர்கார்டுதான். பெயருக்கு முன் 'மிஸ்டர்' அல்லது பின்னால் 'எஸ்கொயர்' இருந்தால் அமெச்சூர். சம்பளத்துக்கு ஆடியவருக்குப் பெரும்பாலும் வெறும் குடும்பப் பெயர்தான். புனைபெயரில் ஆடிய அமெச்சூர்களும் உண்டு. அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஆடியிருந்தால் தலைப்பெழுத்தை இரண்டு மூன்று ஆட்டங்களில் ஒப்பிடாமல் ஓட்டங்களை யார் கணக்கிலும் ஏற்றக் கூடாது.

அதிகம் சறுக்குவது பெயர் மாற்றத்தில். இந்தக் குடும்பங்களில் சொத்து வந்தால் பெயரும் மாறும். 1845-இல் ஐ ஸிங்காரி கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்பென்சர் பொன்சன்பி, சித்தி முறையான லேடி ஜார்ஜியானா ஃபேனின் பிரிம்ப்டன் எஸ்டேட் கைக்கு வந்தபின் பொன்சன்பி-ஃபேன் ஆனார். 1882-83-இல் ஆஸ்திரேலியா சென்ற அணியின் தலைவர் ஐவோ பிளை, அண்ணன் இறந்தபின் 1900 முதல் டார்ன்லி பிரபு. பழைய பெயரில் மட்டும் தேடினால் பாதி வாழ்க்கை காணாமல் போகும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1841-ஐ மட்டும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், உறவுமுறை குறிக்கவேயில்லை.

உயில் அட்டவணை, அதாவது நீதிமன்றம் ஏற்ற உயில்களின் ஆண்டுவாரிப் பட்டியல், 1858 ஜனவரியில் தொடங்குகிறது. இறந்த நாள், முகவரி, சொத்து மதிப்பு எல்லாம் கிடைக்கும். ஆனால் அந்தத் தொகையை நம்பி 'நொடித்துப்போனார்' என்று எழுதிவிட வேண்டாம். 1898-க்கு முன் அதில் நிலம் சேராது. விற்க முடியாதபடி வாரிசு வழிக்கென்று கட்டப்பட்ட குடும்ப நிலம் அதன் பிறகும் நெடுநாள் சேரவில்லை. நிலத்துக்கு, 1873-இல் எடுத்த நில உடைமையாளர் கணக்கைப் பாருங்கள். ஏக்கரும் ஆண்டு வருமானமும் இருக்கும். மாவட்டவாரியாகத் தொகுத்திருப்பதால் மூன்று மாவட்டத்தில் நிலமிருந்தவர் மூன்று இடத்தில் வருவார், கூட்டிக்கொள்ள வேண்டும். லண்டன் அதில் இல்லை.

ஆட்டம் திடீரென நின்ற ஆண்டு தெரிந்தால், அதைத் தந்தை இறந்த தேதியோடு வைத்துப் பாருங்கள். எஸ்டேட் பொறுப்பு தலையில் விழுந்த ஆண்டாக இருக்கலாம். பொருந்தாவிட்டால் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் குத்தகைக் கணக்கைக் கேளுங்கள். 1870-களின் இறுதியில் விளைச்சலும் தானிய விலையும் வீழ்ந்து பல எஸ்டேட்டுகளில் குத்தகை சரிந்தது. கோடை முழுதும் சொந்தச் செலவில் ஆட, அந்தக் குத்தகைதான் வேண்டியிருந்தது.